பத்து விரலுக்கும் சாட்சி

முதலாவது, காளியப்பனின் நாலு விரல். எண்பத்து நாலாம் வருடம், ஆடி மாதம், இரண்டாம் ஷிப்டு, பவர் பிரஸ் அவன் வலது கை மேல் இறங்கியது. அந்தப் பெயரில் இங்கே யாருமே வேலை செய்யவில்லை, அப்படியே ஒருவன் வந்திருந்தாலும் விரல் இல்லாமல்தான் வந்திருப்பான் என்று கம்பெனிக் கணக்கப்பிள்ளை சொன்னார். இரண்டாவது, அதற்குப் பிறகு நாங்கள் கம்பெனி கேட்டில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் பெயரை வாசிக்க ஆரம்பித்ததற்காகப் போலீஸ் வந்தது. எண்பத்தாறு, பதினோரு பேர் கைது, எனக்குப் பதினாறு நாள் சிறை. மூன்றாவது, கனகராஜின் இரண்டு விரல், எண்பத்தெட்டு. அவன் பெயரை வாசித்திருந்தோம், இரண்டு சாட்சி இருந்தார்கள், ஆனாலும் வழக்கு இழுத்துக்கொண்டே போனது, ஒரு சாட்சி செத்துப்போனார், இன்னொருவர் முதலாளி பக்கம் போனார். நான்காவது, தொண்ணூற்றேழில் எங்கள் தலைவர்களே ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், எல்லா வழக்கையும் சமரசம் பேசி முடித்தார்கள். ஐந்தாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை லாரியில் ஏற்றி சூலூருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வேறு பெயர்ப்பலகை மாட்டினார்கள், திங்கட்கிழமை நாங்கள் போனபோது தரையில் போல்ட் குழிகள் மட்டும் இருந்தன. ஆறாவது, அதே கனகராஜ் இன்சூரன்ஸ் ஏஜெண்டாகி எங்கள் சங்க அலுவலகத்துக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏழாவது, என் வலது கை. எங்களுக்கு விழுந்த அடிகளை வரிசை மாறாமல் சொல்லிவிட்டேன். நோட்டீஸ் எழுதிப் பழகியவனுக்கு வரிசை முக்கியம், வரிசை தப்பினால் எதிராளி அந்தச் சந்தில் நுழைந்துவிடுவான். ஆறு வரைக்கும் எதிராளியின் பெயர், விலாசம், அவன் வண்டி நம்பர் கூட எனக்குத் தெரியும். ஏழாவதற்கு எதிராளியே இல்லை. யாரை எதிர்த்து எழுதுவது, எந்தக் கேட்டுக்கு முன்னால் நிற்பது. நாற்பது வருடமாக எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்று மேடையில் பேசியிருக்கிறேன். தெரியாமல்தான் இருந்திருக்கிறது. இப்போது தெரிகிறது, அது அடிவயிற்றில் ஆரம்பிக்கவில்லை, விரல் நுனியில் ஆரம்பிக்கிறது.

புதன்கிழமை, காலை பத்து மணி. மாதாந்திரப் பராமரிப்பு என்று கணபதி ஏரியா முழுக்க ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள், சாயங்காலம்தான் வரும். கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் என் மனைவி சாந்தாமணி கனகராஜை வரச் சொல்லியிருக்கிறாள். மற்ற நாளில் அவள் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள். நைட்டி, உள்பாவாடை, கம்பெனி ஆட்டோவில் பண்டல் பண்டலாக வரும், தைத்து அனுப்ப வேண்டும். இந்த லைன் வீட்டின் முன்னறையில் பன்னிரண்டு வருடமாக அந்த மோட்டார் சத்தத்துக்குள்தான் நான் பேப்பர் படித்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். இன்றைக்கு அது இல்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. மெஷின் மேல் பழைய துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறாள், அதைப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன். கனகராஜ் என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீப்பாயில் மூன்று தாள் பரப்புகிறான். வெள்ளை, மஞ்சள், நீலம். இடது கையின் மீதி மூன்று விரலால் தாளை அமுக்கிப் பிடித்து வலது கையால் நீவுகிறான், முப்பத்தாறு வருடத்தில் அந்த மூன்று விரலும் ஐந்து விரல் வேலையைப் படித்துக்கொண்டுவிட்டன. “கூப்பிட்டு வச்சுத் திட்டறதுக்குத்தான் வரச் சொன்னீங்களோன்னு நினைச்சனுங் தோழர்,” என்று சிரிக்கிறான். “திட்டறதுக்கு உனக்கு நேரம் ஒதுக்கணுமாக்கும்,” என்கிறேன். “சங்கத்துச் சுவத்துல நீங்க ஒட்டுன நோட்டீஸ் இன்னும் எங்கிட்ட இருக்குதுங். ‘கை விற்பனைக்கல்ல. விரலுக்கு விலை பேசும் புரோக்கர் கனகராஜை விரட்டுவோம்.’ என்ர மகன் அதை லேமினேஷன் பண்ணி வச்சிருக்கான். எங்கப்பன் பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுதான்னு எல்லார்த்துகிட்டயும் காட்டறான்.” சமையலறையிலிருந்து சாந்தாமணி சிரிக்கிறது கேட்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன், முழு எடையையும் போட்டு, ஒரு ஓணானைப் பிடித்து அமுக்கி வைத்த மாதிரி.

சித்திரையில்தான் ஆரம்பித்தது. இப்போது நான் வாரத்துக்கு மூன்று நாள் போகிற பட்டறையில், டிரில்லிங் மெஷின் பக்கத்தில், ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. யார் கையிலிருந்து விழுந்தது என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறு யாரும் இல்லை. என் கையிலிருந்துதான் விழுந்திருக்கிறது, கைக்கு அது தெரியவே இல்லை, சத்தம் கேட்டுக் காதுதான் எனக்குச் சொன்னது. வலித்திருந்தால் பரவாயில்லை, வலிக்குப் பதில் சொல்லலாம். என் கை என்னிடம் சொல்லாமல் ஒன்றைச் செய்தது. அப்புறம் நடுக்கம். முதலில் டீ டம்ளரில், பிறகு சாவியில், பிறகு பேனாவில். பஸ் கட்டண உயர்வுக்கு எழுத ஆரம்பித்த நோட்டீஸ் பாதியில் நிற்கிறது, ‘பொதுமக்களே’ என்ற வார்த்தையில் புள்ளி வைக்கிற இடத்தில் கோடு ஓடிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நாள் தனியாகப் போனேன். சீட்டு வாங்கும் வரிசை வரைக்கும் போய் நின்று, முன்னால் நின்ற பெண்ணிடம் சில்லறை இல்லை என்று என்னமோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார். பெயர் சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பெயருக்கு என்ன பலம் என்று எனக்குத் தெரியாதா, பெயரை வாசிப்பதைத்தானே வேலையாக வைத்திருந்தேன். நல்லவேளை, சாந்தாமணிக்குத் தெரியாது. சாப்பிடும்போது ஸ்பூன் கேட்கிறேன், சூடு தாங்கவில்லை என்கிறேன். ஷேவிங்குக்குச் சலூனுக்குப் போகிறேன், கண் தெரியவில்லை என்கிறேன். சட்டைப் பொத்தான்தான் பெரிய தொல்லையாக இருந்தது, ஆனால் அதிர்ஷ்டம், பொத்தான் ஸ்டாக் இல்லை என்று எல்லாச் சட்டைக்கும் அவள் பிரஸ் பட்டன் வைத்துவிட்டாள், ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். போன வாரம், “கனகராஜை வரச் சொல்லியிருக்கேன், ஒரு பாலிசி போட்டு வச்சுக்கலாமுங்க,” என்றாள். நான் கத்தவில்லை. நான் கத்தாததில் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் சரி என்று சொன்னபோது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது: கை முழுசாகப் போவதற்குள் போட்டுவிட்டால், நான் வேலைக்குப் போக முடியாத நாளில் வீட்டுக்கு வாரா வாரம் ஏதோ வரும். அந்தக் கணக்கு நேர்மையானது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

கனகராஜ் வெள்ளைத் தாளைத் தட்டுகிறான். “இது வந்துங் தோழர், விபத்துல உசுரு போச்சுன்னா மட்டும். கட்டறது கம்மி. ஆனா மனுசன் இருந்து, கை போச்சுன்னா ஒண்ணும் கிடையாது. மஞ்சள் வந்து, உசுருக்கும் உண்டு, கை கால் கண்ணு நிரந்தரமாப் போச்சுன்னா அதுக்கும் உண்டு. விரலுக்கு விரல் இத்தனை பங்குன்னு ஒரு பட்டியல் இருக்குதுங்.” பட்டியல். எனக்கு நீ பட்டியல் சொல்கிறாயா. தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தின் பட்டியல் எனக்கு மனப்பாடம். கட்டை விரலுக்கு முப்பது, ஆள்காட்டிக்குப் பதினாலு, நடுவிரலுக்குப் பன்னிரண்டு, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் ஏழு ஏழு. நூற்றுக்கு இத்தனை பங்கு மனுசன் போய்விட்டான் என்று அர்த்தம். உழவர் சந்தை மாதிரி இருக்கிறது என்று நான் மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். அந்தத் தட்டுகிற கைகளில் பத்து விரலும் இருந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். “நீலம்தானுங் நல்லது,” என்கிறான் கனகராஜ். “கை ஒடிஞ்சு மூணு மாசம் வேலைக்குப் போக முடியாமக் கிடந்தாக்கூட வாரா வாரம் வரும். சம்பாதிக்கற ஆளுக்கு இதுதான் வேணும். சாவு ஒரு நாள்ல முடிஞ்சுருதுங், முடங்கிக் கிடக்கறதுதான் வீட்டைத் தின்னுபோடும். நான் கிடந்து பார்த்தவன்.” அதை அவன் சாதாரணமாகச் சொல்கிறான், ஆனால் எனக்கு அவன் அம்மா சோற்று வட்டலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது ஞாபகம் வருகிறது. அப்போது நான் வழக்கில் ஜெயிப்போம் என்று அவளிடம் சொன்னேன், வாரத்துக்கு ஒரு முறை போய்ச் சொன்னேன். அவளுக்கு வாரா வாரம் கிடைத்தது அதுதான். “விபத்துக்கு மட்டும்தானா?” என்று கேட்கிறேன். “விபத்துக்கு மட்டும்தானுங். நோவு வந்து கை போச்சுன்னா இதுல வராது. போடறதுக்கு முந்தியே உடம்புல குறை இருந்தாச் சொல்லிப்போடணும்.” தொடைக்கு அடியில் கை துடிக்கிறது, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரிந்த மாதிரி.

சாந்தாமணி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பாரத்தில் அந்தக் கேள்வி எந்த இடத்தில் இருக்கிறது என்று நேற்றே பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவது. உடலில் ஏற்கெனவே ஊனமோ காயமோ உண்டா. பதில் ஒரே வார்த்தை, இல்லை. காலையில் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், இல்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இல்லை, இல்லை. பிறகு ஒரு நாள் டிரில்லில் கை மாட்டும், அல்லது நானே மாட்டிவிடவும் செய்யலாம், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, அதை நான் நினைக்கவில்லை, கைதான் நினைத்தது. யார் கேட்டாலும் விபத்து என்று சொல்ல ஆள் இருப்பார்கள். சாட்சி. நான் அறிந்த அத்தனை நல்ல வார்த்தைகளும் வரிசையாக வந்து இந்தக் கேடுகெட்ட காரியத்துக்கு உதவி செய்கின்றன. காளியப்பன் வழக்கில் அந்தக் கணக்கப்பிள்ளை கூண்டில் நின்று இதே வார்த்தையைத்தான் சொன்னார், இல்லை, அப்படி ஓர் ஆள் இல்லை, நெற்றியில் விபூதி, கையில் ரெஜிஸ்டர். அவர் முகத்தை நாற்பது வருடமாக வெறுத்திருக்கிறேன். இன்று காலை கண்ணாடியில் குளித்த தலையோடு அதே மாதிரி ஒரு முகம். அந்தக் கணக்கப்பிள்ளையால்தான் பெயர் வாசிப்பு வந்தது. ஒருவன் முதல் நாள் வேலைக்கு வந்தால், சங்கு ஊதுவதற்கு முன்னால், கேட் ஓரத்துச் சிமெண்டு மேடையில் ஏறி இரண்டு கையையும் தூக்க வேண்டும். இரண்டு பேர் கிட்டே போய் விரல்களைத் தொட்டு எண்ணுவார்கள். நான் வாசிப்பேன். இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன வேலை, பத்து விரலும் முழுசு, பார்த்தவங்க இன்னார் இன்னார். பெயர் கடைசியில். பெயரைக் கடைசியில் வைத்தது என் யோசனை. அப்போதுதான் அதைக் கேட்பதற்காக எல்லோரும் வாயை மூடுவார்கள். இருநூறு பேருக்கு மேல் வாசித்திருக்கிறேன். என்னை யாரும் வாசிக்கவில்லை, வாசிக்கிறவன் மேடையில் ஏறுவதில்லை. என் கை முழுசாக இருந்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சி கூட இல்லை. இதை இப்போதுதான் யோசிக்கிறேன், யோசித்ததும் நாற்காலி கொஞ்சம் பின்னால் சாய்ந்த மாதிரி இருக்கிறது.

சாந்தாமணி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைக்கிறாள். என் டம்ளர் மட்டும் பாதிதான் இருக்கிறது. என்ன, பால் தீர்ந்துவிட்டதா. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மெஷின் ஸ்டூலை இழுத்துப்போட்டு, கனகராஜுக்கு நேராக உட்காருகிறாள். “நீலம்தான் கனகு. நான் படிச்சுப் பார்த்துட்டேன். எழுது,” என்கிறாள். கனகராஜ் பேனாவைத் திறக்கிறான். நான் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். ஒன்பதாவது கேள்விக்கு முன்னால் எட்டு இருக்கிறது, எட்டு கேள்வி வரைக்கும் நேரம் இருக்கிறது. “பேருங்?” என்று கனகராஜ் கேட்கிறான். “மருதாசலம்,” என்கிறேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கனகராஜ் பேனாவை எடுத்துவிட்டு அவளைப் பார்க்கிறான், அவள் டீயைப் பார்க்கிறாள். “உங்களுக்கு இல்லீங்க,” என்கிறாள் சாந்தாமணி. “எனக்கு.” எனக்குப் புரியவில்லை. உனக்கா. உனக்கு எதற்கு. வேலைக்குப் போகிறவன் நான். “நீ வீட்டுல இருக்கறவ, உனக்கு எதுக்கு?” என்று வாய் சொல்லிவிட்டது. அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். “ஏனுங்க, உங்க கைய நான் சித்திரையிலிருந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன். பொத்தான் ஸ்டாக் இல்லாமயா எட்டுச் சட்டைக்கும் பிரஸ் பட்டன் வெச்சேன்? இப்ப அந்தக் கைய எடுங்க, ரத்தம் ஓடாமப் போயிரப் போவுது.” கனகராஜ் குனிந்து தன் பையில் எதையோ தேடுகிறான், அதில் தேட ஒன்றும் இல்லை. நான் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை, கால் கனக்கிறது. பாதி டம்ளர் டீ. சிந்தக் கூடாதென்று பாதி. எத்தனை நாளாகப் பாதி ஊற்றுகிறாள், நான் பால் விலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். “உங்க கை நோவு, அதுக்கு இதுல எடமில்ல. அதுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம், நானும் வர்றேன், சீட்டு வரிசையில நின்னுட்டு ஓடி வர்ற வேலை எல்லாம் வேண்டாம்,” என்கிறாள். அதுவும் தெரியுமா. “இந்த வீட்டுல இன்னும் ஓடறது என்ர கை ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா ரெண்டு பேரும் என்ன பண்ணுவோமுங்க? அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல.” அவளுக்கும் பயம். இவ்வளவு நேரம் இந்த வீட்டில் பயந்துகொண்டிருப்பது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

மெஷின் மேலிருந்த துண்டை இப்போது பார்க்கிறேன். பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. வாரத்தில் நான் போகிற மூன்று நாள், அதில் பட்டறைக்காரன் வேலை இல்லை என்று அனுப்புகிற ஒரு நாள், அதையெல்லாம் கழித்தால் இந்த வீடு எதன் மேல் நிற்கிறது. வாடகை, அரிசி, என் பேப்பர், நான் அடிக்கிற நோட்டீஸ் கூட. உழைப்பைப் பற்றி நாற்பது வருடம் பேசியவன் அந்த மோட்டார் சத்தத்தை ஒரு சத்தம் என்றே நினைத்திருக்கிறேன், மழைச் சத்தம் மாதிரி, யாரும் செய்யாத ஒன்று மாதிரி. பயம் என் கையை விட்டு இறங்கி அவள் கைக்குப் போய்விட்டது. அங்கே போனதும் அது பெரிதாகிவிட்டது. அந்த ஊசி நிமிடத்துக்கு எத்தனை முறை இறங்கும். விரலுக்கும் ஊசிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும், அரிசி மணி அளவுதானே இருக்கும். அதை ஒரு நாளும் நான் அளந்து பார்த்ததில்லை. பிரஸ் மெஷினுக்குக் கம்பி வேலி கேட்டு ஆறு மாதம் போராடினேன், இந்த ஊசியின் காப்புத் தகடு கழன்று அந்த ஜன்னல் விளிம்பில் தூசி பிடித்துக் கிடக்கிறது, அது என்ன தகடு என்று கூட நான் கேட்டதில்லை. கனகராஜ் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போகிறான், அவள் சொல்லிக்கொண்டே போகிறாள், வயது, ஊர், அப்பா பெயர். ஒன்பதாவது வந்துவிட்டது. “அக்கா, ஏற்கெனவே காயம், ஊனம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” இல்லை என்று சொல், என்று என் மனசு கத்துகிறது, இல்லை என்று சொல்லிவிடு. “இருக்குது,” என்கிறாள் சாந்தாமணி. இடது கையை நீட்டுகிறாள். “ஆள்காட்டி விரல் நுனி மரத்துக் கிடக்குது. நெகத்து வழியா ஊசி இறங்கிருச்சு. எண்பத்தாறுல.” கனகராஜ் எழுதவில்லை. “எழுதுனா அந்த விரலுக்கு அப்புறம் குடுக்க மாட்டாங்களேக்கா.” “எழுதாம விட்டா? அந்த விரலைப் பிடிச்சு மத்த ஒம்பதுக்கும் இல்லைன்னு சொல்லிப்போடுவாங்க. எழுது.”

எண்பத்தாறில் நம் வீட்டில் மெஷினே இல்லையே. அந்த விரலை நான் பார்த்திருக்கிறேன், நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கும், கதவிடுக்கில் மாட்டியது என்று சொல்லியிருக்கிறாள். “கதவுன்னுதானே சொன்னே,” என்கிறேன். “நீங்க ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கு வேற என்ன சொல்றது? மாலை போட்டுக் கூட்டிட்டு வர்றாங்க, தோளு மேல தூக்கிட்டு வர்றாங்க. சங்கத்து அரிசி நாலு நாள் வந்துச்சு. அப்புறம் வரலை. ரெண்டாவது பஸ் ஸ்டாப்புல ஒரு ஜாக்கெட் கம்பெனி, அங்க போனேன். ஓடற மெஷின் அதுக்கு முந்தி நான் தொட்டதில்ல. மூணாம் நாளே இறங்கிருச்சு. துணி சுத்திட்டு மீதி நாளும் போனேன். அன்னையிலிருந்து மெஷினை விட்டதில்ல, முதல்ல கம்பெனியில, அப்புறம் இங்க.” அவ்வளவுதான் சொல்கிறாள். டீயைக் குடிக்கிறாள். பதினாறு நாள். போராளிகளின் குடும்பங்களைச் சங்கமே தாங்கியது என்று நான் எழுதிய நோட்டீஸ் இரண்டாயிரம் பிரதி. அப்படியென்றால் வரிசை தப்பு. காளியப்பன் ஒன்று, சிறை இரண்டு, மூன்றாவது கனகராஜ் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒன்று இருந்திருக்கிறது, கனகராஜ் நாலு, லாட்ஜ் ஐந்து, எல்லாம் ஓர் எண் தள்ளிப்போகிறது, இத்தனை வருடம் மேடைக்கு மேடை தப்பு வரிசையைச் சொல்லியிருக்கிறேன். இந்த மூன்றாவதற்கு எதிராளி உண்டு. அவன் விலாசமும் எனக்குத் தெரியும், இந்த வீடுதான்.

கனகராஜ் பேனாவால் தலையைச் சொறிகிறான். “இன்னொரு சிக்கல் இருக்குதுங்க்கா. தொழில்னு இருக்கற எடத்துல குடும்பத் தலைவின்னு போட்டா நீலத்துல வாரத் தொகை வராது. சம்பாதிக்கறீங்கன்னு காட்டோணும். பண்டல் நோட்டு இருக்குதுங்களா?” அவள் மெஷின் டிராயரிலிருந்து நீள நோட்டை எடுத்து நீட்டுகிறாள். அவன் முதல் பக்கத்தைத் திறந்து, பிறகு என் பக்கம் திருப்புகிறான். மருதாசலம், கணபதி. பன்னிரண்டு வருடத்துக்கும் அதே பெயர். ஆம்பளை பேரு சொல்லுங்க என்று பண்டல் கம்பெனி சூப்பர்வைசர் வாசலில் நின்று கேட்டதும், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் என் பெயரைச் சொன்னதும் இப்போது அப்படியே தெரிகிறது. அந்த ரெஜிஸ்டரில் அவள் இல்லை. அந்தப் பெயரில் இங்கே யாருமே வேலை செய்யவில்லை. விபூதி மட்டும்தான் எனக்குக் குறை. “கம்பெனி லெட்டரு நான் அலைஞ்சு வாங்கித் தர்றனுங்,” என்கிறான் கனகராஜ், என் முகத்தைப் பார்க்காமல். “இப்போதைக்கு ஒரு உறுதிமொழி எழுதிக்கலாம், தையல் தொழில் பண்றாங்கன்னு. ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டாப் போதும், எங்க மேனேஜர் ஒத்துக்குவாரு.” “ரெண்டு,” என்கிறேன். “ஒண்ணு போதுமுங் தோழர்.” “ரெண்டு. ஒண்ணு செத்துப்போகும்.” அவன் என்னைப் பார்க்கிறான். அவன் வழக்கில் நடந்தது அதுதானே. சரி என்று தலையாட்டுகிறான்.

பக்கத்து வீட்டுப் பேபியக்கா ஈரக் கையோடு வருகிறாள், கரண்ட் இல்லை என்று ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தாளாம். பண்டல் இறக்க வந்த ஆட்டோ மீரான் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிறார். “என்ன நோட்டீஸ்காரரே, வீட்டுக்குள்ளயே போராட்டமா?” என்கிறார். “எவ்வளவு நாளா இந்தம்மாகிட்ட பண்டல் குடுக்கறீங்க, பாய்?” என்று கனகராஜ் கேட்கிறான். “பன்னெண்டு வருஷமா. நோட்டுல வேற பேரு இருக்கும், தைக்கறது இந்தம்மாதான். ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல.” கனகராஜ் எழுதி முடித்து, படித்துக் காட்டிவிடலாம் என்று எழுந்திருக்கிறான். நான் கையை நீட்டுகிறேன். வலது கை. தொடைக்கு அடியிலிருந்து அது வெளியே வந்துவிட்டது, நானே எடுத்தேனா அதுவாக வந்ததா தெரியவில்லை. “நான் வாசிக்கறேன்,” என்கிறேன். அவன் தாளைக் கொடுக்கிறான். தாள் சடசடவென்று அடிக்கிறது, காற்றே இல்லாத அறையில். பேபியக்கா வாயைப் பொத்திக்கொள்கிறாள். மீரான் பாய் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோகிறார். எழுத்துகள் ஓடுகின்றன, ஒரு வரியைக் கூடப் பிடிக்க முடியவில்லை, இருநூறு பேருக்கு வாசித்தவன் நான், வாசிக்காமல் உட்கார்ந்துவிட்டால் என்ன, கனகராஜ் வாசிப்பான். அப்போது மூன்று விரல் தாளின் கீழ் ஓரத்தைப் பிடிக்கிறது. அமுக்கிப் பிடிக்கிறது. தாள் நிற்கிறது. “கையத் தூக்கு, சாந்தா,” என்கிறேன். அவளுக்கு அந்தப் பழக்கம் தெரியும், கேட் எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள், ஒருபோதும் அந்த மேடைக்குக் கூப்பிடப்பட்டதில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்குகிறாள், வெட்கப்பட்டுக்கொண்டு, வளையல் முழங்கை வரைக்கும் சரிகிறது. “பேபியக்கா, தொட்டு எண்ணுங்க. பாய், நீங்க பார்த்துக்கங்க.” பேபியக்கா ஈர விரலால் ஒவ்வொன்றாகத் தொடுகிறாள். ஆறு, ஏழு, பிளந்த நகத்தில் ஒரு நொடி நிற்கிறாள், எட்டு, ஒன்பது, பத்து. பத்து விரல். இந்த வீடு மொத்தமும் அந்தப் பத்தில் தொங்குகிறது, அவள் கையைக் கீழே இறக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று இருக்கிறது.

“கேளுங்க. வஞ்சிபாளையம் ரங்கன் மகள். கணபதி, மூணாவது லைன், எட்டாம் நம்பர் வீடு. தையல் தொழிலாளி. மெஷின்ல உட்கார்ந்து முப்பத்தெட்டு வருஷம். பத்து விரலும் இருக்குது. இடது ஆள்காட்டி விரல் நுனி மரத்தது, எண்பத்தாறுல ஊசி இறங்கினது.” தாளில் இல்லாத ஒன்று மீதி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். “அன்னைக்குச் சாட்சி யாருமில்ல, புருசன் கதவுன்னு நம்பிட்டான். இன்னைக்குப் பார்த்தவங்க பேபி, மீரான்.” மீரான் பாய் தலையைத் தூக்குகிறார். பேபியக்கா கையை எடுத்துக்கொள்கிறாள். அறையில் மோட்டார் சத்தம் இல்லை, மின்விசிறி இல்லை, எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், நான் மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.

“பேரு, சாந்தாமணி.”